முற்றும் முற்றுகையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் செல்வோர், சாலையின் இருமருங்கும் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்பதைக் காண்பர். மலைத்தொடர் என்று சொல்லத்தக்க தொடர்ச்சி அவற்றிற்கு இல்லை. யாரோ பாறைமேல் பாறையாக அடுக்கிவைத்துவிட்டு, இடையிலே வேலையை விட்டுச் சென்றாற்போல அவை தோன்றும். அக்குன்றுகளுள் மூன்றனை ஒரு பெருமதில் வளைத்து நிற்கிறது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். மூன்று குன்றுகளும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய, அவற்றை இணைத்து ஓடும் அம்மதிலே செஞ்சிக் கோட்டையாகும். 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ அமைப்பு, மராட்டியர் ஆண்ட கோட்டைகள் பன்னிரண்டனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அப்பன்னிரண்டனுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், ஆண்டுதோறும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு இக்கோட்டைக்குச் செல்லும் வழக்கத்தை நான் விடவில்லை. ஒருமுறை காலை வெயில் ஏறுமுன்னரே இராசகிரியில் ஏறத் தொடங்கினோம். அக்குன்று ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது. உச்சிக்கு அண்மையில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு பிளவு உண்டு. அதன்மேல் இட்ட பாலத்தைக் கடந்தாலன்றி உச்சிக் கோட்டையை அடைதல் இயலாது. பாதி வழியில் ஒரு மாணவன் பாறை நிழலில் அமர்ந்துவிட்டான். "ஐயா, என்னால் முடியாது" என்றான். அவனைச் சற்று இளைப்பாறச் சொல்லிவிட்டு மேலே சென்றோம். எங்களுக்கு முன்னே ஓடிய மற்றொருவன் உச்சியிலே நின்று, இரு கைகளையும் உயர்த்தி, "ஃபினிஷ்!" என்று கூவினான்.

இறங்கி வந்து கலியாண மகாலின் நிழலில் அமர்ந்தபோது, "நீங்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள்" என்றேன். ஒருவன் ஏறமாட்டாதவன், மற்றொருவன் ஏறி வென்றவன். இருவர் சொல்லும் எவ்வாறு ஒன்றாகும் என்று அவர்கள் வியந்தனர். அன்று அவர்களுக்குக் கூறியவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன்.

முதலில், உச்சியில் கூவியவனுடைய சொல்லைக் காண்போம். ஃபினிஷ் என்பது இன்று ஆங்கிலம் அறியாதாரும் வழங்கும் ஆங்கிலச் சொல். ஆயினும் அஃது ஆங்கிலேயரின் தாய்வழிச் சொல் அன்று. உரோமர் பேசிய இலத்தீன் மொழியில் ஃபீனிஸ் என்றொரு பெயர்ச்சொல் உண்டு. எல்லை என்பது அதன் பொருள். என் நிலம் எவ்விடத்தில் நின்று, அடுத்தவர் நிலம் எவ்விடத்தில் தொடங்குகிறதோ, அவ்விடமே ஃபீனிஸ். அதனைப் பன்மையில் கூறினால், எல்லைகளுக்கு உட்பட்ட நாடு என்று பொருள்படும். எல்லையைத் தொட்டால் நிலம் முடிந்தது அன்றோ? ஆகவே முடிவு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உரியதாயிற்று. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் பிரெஞ்சு மொழியில் ஃபினீர் என வழங்கிற்று. 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு அந்நாட்டு அரசவையின் மொழியாயிற்று. அரசவை மொழி கடைத்தெருவுக்கு இறங்கி வருதல் எந்நாட்டிலும் நிகழ்வதே. 14-ஆம் நூற்றாண்டில் ஃபினிஷ் ஆங்கிலச் சொல்லாகக் குடியேறிவிட்டது.

அதற்கு முன் ஆங்கிலேயர் முடிவை எவ்வாறு குறித்தனர்? எண்ட் என்னும் சொல்லால் குறித்தனர். அஃது அவர்தம் முன்னோர் சொல், இன்றும் வழங்குகிறது. வடமொழியில் முடிவைக் குறிக்கும் அந்தம் என்னும் சொல்லும், இந்த எண்ட் என்பதும் ஒரே தொன்மொழியின் வழிவந்த உறவினர் என்பர் மொழிநூலார். சித்தாந்தம், வேதாந்தம் என்று நாம் சொல்லும்போது, இலண்டன் நகரத்தான் சொல்லும் எண்ட் என்பதன் உடன்பிறப்பையே சொல்லுகிறோம். சொற்களின் உறவு கடல் கடந்தது.

ஃபினிஷ் என்பதன் குடும்பம் பெரிது. இறுதி ஆட்டத்தை ஃபைனல் என்கிறோம். ஒரு பொருளுக்கு வரையறை கூறுதலை டிஃபைன் என்பர். அதுவும் எல்லை கட்டுதல் என்னும் பொருளுடையதே. தமிழிலும் வரை என்றால் எல்லை. வரையறுத்தல் என்பதும் அதே உருவகம். நூலகத்தில் புத்தகத்தைக் காலங்கடந்து கொடுத்தால் நீங்கள் செலுத்தும் அபராதத்திற்கு ஃபைன் என்று பெயர். அதுவும் அக்குடும்பத்ததே. ஒரு வழக்கினை முடித்துக்கொள்ளுதற்குக் கொடுக்கும் பணம் என்பது அதன் முதற்பொருள். செஞ்சிக் கடைத்தெருவில் 'ஃபைனான்ஸ்' என்று எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். கடனைக் கொடுத்து முடித்தல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். இன்று அப்பலகையின்கீழ்க் கடன் தொடங்குகிறது. சொல்லோ கடன் முடிவதைக் குறித்துப் பிறந்தது. சொற்கள் இவ்வாறு நம்மைப் பார்த்து நகைப்பதும் உண்டு.

முடிவுக்கும் பணத்திற்கும் உள்ள இவ்வுறவு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டா. தமிழில் தீர் என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பானையில் அரிசி தீர்ந்தது, பசி தீர்ந்தது, நோய் தீர்ந்தது, வழக்குத் தீர்ந்தது, கடன் தீர்ந்தது. உள்ளது ஒன்று இல்லையாதலே இவை அனைத்தினும் காணப்படும் பொது இயல்பு. வழக்கைத் தீர்ப்பது தீர்ப்பு; சிக்கலைத் தீர்ப்பது தீர்வு; அரசனுக்குரிய கடனைத் தீர்ப்பது தீர்வை. நிலத்தீர்வை என்று உங்கள் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இறு என்னும் சொல்லும் இத்தகையதே. அதனடியாக வருவது இறுதி. வரியிறுத்தல், கடனிறுத்தல், விடையிறுத்தல் என்னும் வழக்குகளும் உள. அரசனுக்கு இறுக்கப்படுவது இறை. ஒருவர் வினவிய வினாவும் நாம் பட்ட கடனே. விடை கூறினால்தான் அது கழியும் என்று நம் முன்னோர் கருதினர் போலும். வகுப்பில் ஆசிரியர் வினாவிற்கு வாய் திறவாதிருக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

கொடுக்கவேண்டியதைக் கொடாமல் நிறுத்தினால் அதற்கு நிலுவை என்று பெயர். நில் என்னும் வினையிலிருந்து வந்தது அச்சொல். இந்த நிலுவை என்னும் ஒரு சொல் செஞ்சியின் வரலாற்றையே திருப்பிவிட்டது.

மொகலாயப் பேரரசின் சார்பில் செஞ்சியைக் காத்துவந்தவன் சுரூப்சிங்கு என்னும் இராசபுத்திரன். அவன் 1714-ஆம் ஆண்டு இறந்தான். ஆர்க்காட்டிலிருந்து ஆண்ட சாதத்துல்லாகான், சுரூப்சிங்கு செலுத்தாது விட்ட நிலுவையைக் கேட்டான். சுரூப்சிங்கின் மகனோ தந்தையின் கோட்டை தனக்கே உரியது என்றான்; நிலுவையைத் தர மறுத்தான். அவன் பெயர் தேச்சிங்கு. மக்கள் நாவில் அவன் தேசிங்கு ஆனான். இருபத்திரண்டு வயதினன் என்பர். 1714 அக்டோபரில், சிறியதொரு குதிரைப்படையுடன் கோட்டையை விட்டு வெளியே வந்து, தன்னினும் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். அவன் ஆட்சி ஓர் ஆண்டும் நிரம்பவில்லை. அவனுடைய இசுலாமிய நண்பன் தன் திருமணத்தையும் விட்டுவிட்டுப் போருக்கு வந்து உடன் மாண்டான் என்று தேசிங்குராசன் கதைப்பாடல் கூறும். செஞ்சியில் எத்தனையோ அரசர் இருந்தனர். நீண்டகாலம் ஆண்டவரும் உளர். அவர்தம் பெயர்களை அறிந்தார் சிலரே. பத்துத் திங்கள் அளவே இருந்த இளைஞன் ஒருவனை மட்டும் நாட்டுப்புற மக்கள் இன்றளவும் பாடுகின்றனர்.

தேசிங்கின் கதையில் ஒன்று கவனிக்கத்தக்கது. கணக்கன் ஏட்டில் நிலுவை என்று எழுதிய தொகை, போர்க்களத்தில் தீர்க்கப்பட்டது. 'தீர்த்துக் கட்டுதல்' என்று கொலையையும், 'கணக்குத் தீர்த்தல்' என்று பழிவாங்குதலையும் மக்கள் சொல்லும் வழக்கு இதனால் விளங்கும்.

இனிப் பாதி வழியில் அமர்ந்தவனுடைய சொல்லுக்கு வருவோம். முடியாது என்றான் அவன். முடி என்பதற்கு முடிச்சு என்பது ஒரு பொருள். கயிற்றின் இரு நுனிகளைச் சேர்த்து இறுக்கினால் முடிச்சு உண்டாகும். கூந்தலை வாரிச் சேர்த்துக் கட்டுவதும் முடித்தல். அவ்வாறு கட்டப்படுவதால் தலைமயிர் முடியாயிற்று. வயலில் நாற்றைப் பறித்துக் கைப்பிடி அளவாகச் சேர்த்துக் கட்டிய கட்டும் முடியே. தலையுச்சியில் மயிரை முடிந்த இடத்தில் அரசன் அணிவதும் முடி. தலைக்கு மேலிடம் முடியாதலால், குன்றின் உச்சியையும் முடி என்றனர். ஆகவே அன்று நாங்கள் ஏறியது இராசகிரியின் முடிக்கே.

பூத்தொடுப்பவள் இறுதியில் என்ன செய்கிறாள்? நாரை முடிகிறாள். பாய் பின்னுபவனும், கூடை முடைபவனும், தையற்காரனும் தத்தம் தொழிலின் இறுதியில் முடிச்சு இடுகின்றனர். முடிச்சு விழுந்தபின் அவிழாது. ஆகையால் செயல் நிறைவேறுதலை முடிதல் என்றனர் போலும். ஆங்கிலேயன் முடிவை நிலத்தின் எல்லையாகக் கண்டான். தமிழன் அதனைத் தன் கையிலே உள்ள நாரின் முடிச்சாகக் கண்டான். எல்லைக்கு நாம் நடந்து செல்லவேண்டும். முடிச்சை நாம் இடவேண்டும்.

இனி, ஒரு செயல் முடியும் என்றால் அது நிறைவேறும் என்பது பொருள். என்னால் முடியும் என்றால் என்னாலே அது நிறைவேறும் என்பது பொருள். இவ்வாறு ஆற்றலைக் குறிக்கும் சொல்லும் முடிவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே நமக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் கேன் என்னும் சொல், அறிதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அறிந்தவன் வல்லவன் என்பது அவர் கருத்து. முடிப்பவன் வல்லவன் என்பது நம் கருத்து. பாதி வழியில் அமர்ந்தவன் சொன்னதும், உச்சியில் நின்றவன் சொன்னதும் ஒன்றே என்று நான் கூறியது இதனாலேதான்.

முடிவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் செஞ்சிக்கே சிறப்பாக உரியது என்று நான் கருதுவது முற்று என்பதாகும். கதையின் இறுதியில் 'முற்றும்' என்று அச்சிடுகிறார்கள். வாக்கியத்தின் இறுதியில் இடும் புள்ளி முற்றுப்புள்ளி. இவ்வளவில் அதுவும் முடி என்பது போன்றதே என்று தோன்றும். ஆயினும், வைத்தியர் வந்து, "நோய் முற்றிவிட்டது" என்று சொன்னால் நீங்கள் மகிழ்வீர்களா? நோய் தீர்ந்தது என்றால் நலம்; நோய் முற்றியது என்றால் கேடு. இரண்டும் முடிவைக் குறிக்கும் சொற்களே. ஆனால் தீர்தல் என்பது குறைந்து குறைந்து இல்லையாதல். முற்றுதல் என்பது வளர்ந்து வளர்ந்து நிறைதல். தேங்காய் முற்றுகிறது, கத்தரிக்காய் முற்றுகிறது, இருவர்க்கிடையே எழுந்த வாக்குவாதமும் முற்றுகிறது. நிறைந்ததற்கு மேலும் வளர்ச்சி இல்லை. ஆகையால் அதுவும் ஒரு முடிவு. தேய்பிறையின் முடிவு அமாவாசை. வளர்பிறையின் முடிவு பூரணை. தீர்தலையும் முற்றுதலையும் இவ்விரண்டாக எண்ணிக்கொண்டால் மயக்கம் வாராது.

முற்றுதலுக்குச் சூழ்தல் என்னும் பொருளும் உண்டு. வட்டம் வரையத் தொடங்கியவன், தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும்போது வட்டம் முற்றுப்பெறுகிறது. அப்பொழுதே உள்ளிருப்பது முற்றும் சூழப்படுகிறது. பகைவர் கோட்டையை நாற்புறமும் வளைத்தலை முற்றுதல் என்றனர். அச்செயல் முற்றுகை எனப்பட்டது. ஆங்கிலத்தில் முற்றுகைக்கு சீஜ் என்று பெயர். இருக்கை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. கோட்டையின் எதிரே படை சென்று அமர்ந்துவிடுவதை அவர் கண்டனர். படை வளைத்துக்கொள்வதை நாம் கண்டோம்.

தொல்காப்பியனார் உழிஞைத் திணைக்கு இலக்கணம் கூறுமிடத்து, அரணை முற்றுதலையும் அதனைக் கைக்கொள்ளுதலையும் இரண்டாகப் பிரித்தே கூறுகிறார். முற்றியவுடன் கோட்டை வீழ்ந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. மூவேந்தரும் பறம்பை முற்றினர். ஆயினும் வேல்கொண்டு பாரியை வெல்ல முடியாது என்று கபிலர் பாடினார். வள்ளுவரும் அரண் என்னும் அதிகாரத்தில், முற்றியும் பற்றுதற்கு அரியதாய், உள்ளிருப்போர்க்கு வேண்டும் பொருளெல்லாம் உடையதாய் இருப்பதே அரண் என்னும் கருத்தை வற்புறுத்துகிறார். செஞ்சியின் அடிவாரத்திலும் உச்சியிலும் உள்ள நெற்களஞ்சியங்களைக் கண்டவர்க்கு, அவ்வதிகாரத்திற்கு வேறு உரை வேண்டுவதில்லை. இராசகிரியின்மேல் சுனை உண்டு. கீழே செட்டிக்குளமும் சக்கரக்குளமும் உள்ளன. நாங்கள் அமர்ந்திருந்த கலியாண மகாலுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இத்தகைய கோட்டையை முற்றினால் என்ன ஆகும் என்பதை மொகலாயர் எட்டு ஆண்டுகள் கண்டனர். 1677-ஆம் ஆண்டு சிவாசி செஞ்சியைக் கைப்பற்றி அரண்களைப் பெருக்கினார். 1689-ஆம் ஆண்டு அவருடைய மூத்த மகன் சம்பாசி ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டபின், இளைய மகன் இராசாராமன் தப்பித் தெற்கே ஓடிவந்து செஞ்சியில் புகுந்தான். மராட்டிய அரசின் தலைநகரம் அன்று தமிழ்நாட்டில் இருந்தது என்றால் வியப்பாக உள்ளதன்றோ? 1690-இல் சுல்பிகர்கான் என்னும் படைத்தலைவன் வந்து கோட்டையை முற்றினான். மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நெடுமதிலையும் முழுவதும் சூழ்வதற்கு அவனுடைய படை போதவில்லை. வட்டம் கூடவில்லை, ஆகவே முற்றுகை முற்றவில்லை. உணவும் செய்தியும் உள்ளே சென்றுகொண்டே இருந்தன. அவன் உள்ளிருந்தாரோடு மறைவாக உறவு கொண்டு வேண்டுமென்றே காலங்கடத்தினான் என்று அக்காலத்தவர் பலர் ஐயுற்றனர்.

1692-ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. சந்தாசி கோர்படே, தனாசி சாதவ் என்னும் மராட்டியத் தலைவர் இருவர் பெரும்படையுடன் வடக்கிலிருந்து வந்து, முற்றியிருந்தவரையே முற்றினர். மொகலாயப் பாசறைக்குத் தானியம் வருவது நின்றது. கோட்டைக்குள் இருந்தோர் உண்டிருக்க, கோட்டையைச் சூழ்ந்திருந்தோர் பசியால் வாடினர். 1693-இன் தொடக்கத்தில் சுல்பிகர்கான் பாசறையைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். பின்னர் மீண்டும் வந்தான், மீண்டும் முற்றினான். 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவாறு கோட்டை அவன் கைப்பட்டது. ஆனால் எவனைப் பிடிக்க எட்டு ஆண்டுகள் காத்திருந்தானோ, அந்த இராசாராமன் முன்னரே வெளியேறி வேலூர் வழியாகத் தன் நாடு சென்றுவிட்டான். வென்ற தலைவனின் பட்டப்பெயரால் கோட்டைக்கு நுசரத்கட் என்று புதுப்பெயர் இட்டனர். அப்பெயர் நிலைக்கவில்லை. அரைநூற்றாண்டு கழித்து, 1750 செப்டம்பரில், புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதே கோட்டையை ஓரிரவில் கைப்பற்றினான் என்பதையும் உடன் வைத்து எண்ணுங்கள். எட்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது இதே கருங்கல்தான். ஓரிரவில் வீழ்ந்ததும் இதே கருங்கல்தான். உள்ளிருந்து காப்பார் யாவர் என்பதே வேறு.

இலக்கணம் படித்த மாணவர்க்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். வந்தான் என்பது முற்று; வந்து, வந்த என்பன எச்சம். முற்று என்றால் பொருள் நிறைந்தது. எச்சம் என்றால் மிச்சம் உள்ளது. ஆங்கில இலக்கணத்தார் முற்றுவினையை ஃபைனைட் என்று கூறுவர். அதுவும் ஃபீனிஸ் என்னும் அதே சொல்லின் பிள்ளையே. இடம், எண் ஆகிய எல்லைகளுக்கு உட்பட்ட வினை என்பது அவர் கருத்து. சொற்பொருள் நிறைந்த வினை என்பது நம் கருத்து. அவர் இங்கும் வேலியைக் காண்கின்றனர். நாம் இங்கும் நிறைவைக் காண்கின்றோம். இனி, 'இராசாராமன் வந்தனன் தங்கினான்' என்று ஒருவர் எழுதினால், வந்தனன் என்பது வடிவால் முற்று. பொருளால் 'வந்து' என்னும் எச்சம். அதனை முற்றெச்சம் என்பர் இலக்கண நூலார். சுல்பிகர்கான் 1690-இல் இட்ட முற்றுகையும் ஒரு முற்றெச்சமே என்று நான் சொன்னபோது, மாணவர் சிலர் சிரித்தனர். ஏனையோர் அன்று மாலையே இலக்கண நூலைப் புரட்டியிருப்பர் என்று நம்புகின்றேன்.

ஏனைய சொற்களை விரைந்து கூறிவிடுகின்றேன். மழை முடிந்தது என்று எவரும் சொல்லுவதில்லை. மழை நின்றது என்பர், விட்டது என்பர், காற்றும் சேர்ந்து தணிந்தால் ஓய்ந்தது என்பர். ஓய்தல் என்பது இயங்கியது தளர்ந்து அமைதலாகும். பணியிலிருந்து விலகிய என் போன்றாரை ஓய்வு பெற்றவர் என்கிறார்கள். முற்றுப்பெற்றவர் என்று சொல்லாமல் விட்டதற்கு நன்றி. விளக்கு அணைந்தது என்னாமல் அமர்ந்தது என்றும், தாலி அறுந்தது என்னாமல் பெருகிற்று என்றும் நம் வீட்டுப் பெண்டிர் கூறுவர். வீட்டில் அரிசி இல்லையாயின், 'அரிசி நிறைய இருக்கிறது' என்று சொல்லும் முதியோரும் உளர். மங்கலம் அல்லாததை மங்கலமாகக் கூறும் இம்முறையை நன்னூலார் தகுதி வழக்கினுள் ஒன்றாக வகுத்தார். இறந்தார் என்னும் சொல்லே அத்தகையதுதான். இறத்தல் என்பதன் முதற்பொருள் கடத்தல். கடந்துபோன காலத்தை இறந்தகாலம் என்று இன்றும் எழுதுகின்றோம் அல்லவா? மாண்டவரை 'எல்லை கடந்தார்' என்று சொல்லி நம் முன்னோர் மனம் தேறினர். ஃபினிஷ் என்பதற்குள் இருக்கும் எல்லை, நம் மொழியில் இவ்விடத்தில்தான் வந்து நிற்கிறது.

பேச்சு இவ்வளவில் நின்றது. வெயில் தணிந்தபின், செஞ்சிக்கு வடமேற்கில் சிறுகடம்பூரை அடுத்த திருநாதர் குன்றுக்கு மாணவரை அழைத்துச் சென்றேன். கோட்டைக்கு வருவோருள் நூற்றில் ஒருவரும் அங்கே செல்வதில்லை. அது சமணரின் தவநிலம். ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினும் பழைய கல்லெழுத்து ஒன்று அங்குள்ளது. பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிவரும் வடிவில் அமைந்த அதன் காலம் ஏறத்தாழ 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு எனக் கருதுவர். தமிழ்க் கல்வெட்டுகளுள் 'ஐ' என்னும் உயிரெழுத்து முதன்முதலில் காணப்படும் இடங்களுள் ஒன்றாக அதனை அறிஞர் போற்றுவர். ஐம்பத்தேழு என்னும் எண்ணுப்பெயரின் முதலெழுத்தாக அஃது அங்கே நிற்கிறது.

சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உணவு நீத்து நோன்பு நோற்று உயிர்விட்டார். அவர்க்குரிய நினைவிடம் இது என்பதே அக்கல்வெட்டால் நாம் அறியும் செய்தி. மாணவரைச் சுற்றி நிற்கச்செய்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். காலையில் பாதி வழியில் அமர்ந்துவிட்டவன் இப்பொழுது முன்னே வந்து, பாறையருகே குந்தி, கூர்ந்து நோக்கினான்.

"ஐயா, இதில் இறந்தார் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டான்.

"எங்கும் எழுதவில்லை, தம்பி."

"முடிந்தது, தீர்ந்தது, முற்றியது என்று ஏதேனும்?"

"அவையும் இல்லை. எத்தனை நாள் என்பது உண்டு. நோற்ற என்பது உண்டு. அவர் பெயர் உண்டு."

"நோற்ற என்பது பெயரெச்சம் அல்லவா, ஐயா?"

"ஆம்."

"பின்பு அவர் உயிர் நீத்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்?"

கடைசிச் சொல்லை அவனுக்குக் காட்டினேன். நிசீதிகை என்று அங்கே பொறித்திருக்கிறது. நோன்பிருந்து உயிர்நீத்த சமணப் பெரியோர்க்கு அமைக்கும் இடத்திற்கு அப்பெயர். அவன் அச்சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். எழுத்துக்கூட்டி ஒருமுறை உரக்கப் படித்தான். பிறகு நாங்கள் குன்றிலிருந்து இறங்கினோம்.